பட்டறை பதில்கள்: பெட்ரோல் விலையும் உங்கள் வண்டியும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். பெட்ரோல் விலை. சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் முப்பத்தோரு வருடம் பட்டறை நடத்தியவன் என்பதால், விலை ஏறும் ஒவ்வொரு முறையும் அதன் சூட்டை வாடிக்கையாளர்களின் முகத்தில் பார்த்திருக்கிறேன். 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில வாரங்களில், 95 ரகப் பெட்ரோல் லிட்டருக்கு மூன்று வெள்ளியைத் தாண்டியது. அப்போது ஒரு டாக்ஸி ஓட்டுநர் பிரேக் சத்தம் கேட்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு இரும்போடு உரசிக்கொண்டிருந்தது. "பெட்ரோலுக்கே காசு போகுது, சர்வீஸை அடுத்த மாசம் பார்க்கலாம்னு விட்டுட்டேன்" என்றார். அன்றிலிருந்து இதை யார் கேட்டாலும் சொல்கிறேன்: பெட்ரோல் செலவைக் குறைக்க வண்டியின் பராமரிப்பில் கை வைக்காதீர்கள்.

பதில்களுக்குப் போகும் முன் எல்லாருக்கும் ஒரு வேலை. டாங்கியை நிரப்புங்கள், பம்ப் தானாக நின்றதும் நிறுத்துங்கள். டிரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள். அடுத்த முறையும் அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். அதைச் சின்ன நோட்டில் எழுதுங்கள். ரசீதை நம்பி வைக்காதீர்கள், வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும். நிறையப் பேருக்குப் பம்ப் விலை காசு மாறாமல் தெரிகிறது, தங்கள் வண்டி லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்பது தெரிவதில்லை. என் பதில்கள் எல்லாம் இந்த நோட்டை வைத்துத்தான்.

கேள்வி: உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் இறங்கினாலும் நம் பம்ப்பில் அந்த அளவு இறங்குவதில்லையே, ஏன்? எண்ணெய் சுத்திகரிக்கும் ஊரிலேயே இப்படியா? (வாசகர், செங்காங்)

ஜூரோங் தீவில் சுத்திகரிப்பு ஆலைகள் இருப்பதால் நமக்கு மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. ஆனால் பம்ப் நிலையம் வாங்குவது கச்சா எண்ணெயை அல்ல, சுத்திகரித்த பெட்ரோலை. அதற்கு வட்டாரச் சந்தையில் தனி விலை உண்டு. கச்சா எண்ணெய் இறங்கும் நாளில் பெட்ரோல் அதே அளவு இறங்க வேண்டும் என்பதில்லை.

அப்புறம் வரி. 2021 பிப்ரவரி 16 முதல் 92, 95 ரகங்களுக்கு லிட்டருக்கு 66 காசு, 98-க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் 79 காசு தீர்வை. இது விலையில் இத்தனை விழுக்காடு என்று இல்லாமல் லிட்டருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்தது. எண்ணெய் விலை பாதியானாலும் அந்த 66 காசு அப்படியே நிற்கும். அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. கணக்குக்கு ஒரு லிட்டர் 2.80 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அதில் பொருள், சேவை வரி மட்டும் 23 காசு. தீர்வையோடு சேர்த்தால் 89 காசு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரி, அதில் பெரும்பகுதியான தீர்வை கச்சா எண்ணெயோடு சேர்ந்து இறங்காது. நிலம், சம்பளம், தள்ளுபடிச் செலவு எல்லாம் இதற்கு மேல்.

கேள்வி: இருபது வருடமாக என் காருக்கு 98 தான் ஊற்றுகிறேன். 95-க்கு மாறினால் இன்ஜின் கெட்டுவிடும் என்கிறார் நண்பர். 1.6 லிட்டர் ஜப்பானியக் கார். (வாசகர், சிராங்கூன்)

ஐயா, பெட்ரோல் ஊற்றும் மூடியின் உட்பக்கம் பாருங்கள். எந்த ரகம் என்று அங்கேயே ஒட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். 95 போதும் என்று போட்டிருந்தால் 95 போதும். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சக்தியைக் காட்டுவதில்லை. இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறும்போது நேரத்துக்கு முன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் தன்மையைத்தான் அது சொல்கிறது. அழுத்தம் அதிகமுள்ள சில ஐரோப்பிய, டர்போ இன்ஜின்களுக்கு 98 தேவை. உங்கள் காருக்கு 95 போதும் என்று எழுதியிருந்தால், 98 ஊற்றுவதால் உங்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. இரண்டுக்கும் லிட்டருக்கு நாற்பது காசுக்கு மேல் வித்தியாசம் இருக்கும். நாற்பது லிட்டருக்குப் பதினாறு வெள்ளி. மாதம் நான்கு முறை நிரப்பினால் 64 வெள்ளி. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் யோசனைகளில் ஒரே நாளில் பலன் தருவது இதுதான்.

கேள்வி: கணவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் பெட்ரோல் ஊற்றவே ஜோகூர் போகிறார். போய்வர நான்கு மணி நேரம். மிச்சமாகிறது என்று அவர் சொல்கிறார், எனக்கு நம்பிக்கை இல்லை. (வாசகி, உட்லண்ட்ஸ்)

அம்மா, கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். அவர் மனம் நோகாமல் இதைக் காட்டுங்கள்.

சிங்கப்பூர் வண்டி மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்ட டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். 1989-ல் பாதி டாங்கி என்று தொடங்கிய விதி, 1991-ல் முக்கால் ஆனது. குறைவாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், 500 வெள்ளி வரை அபராதமும் உண்டு. உங்கள் கார் டாங்கி 45 லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் காலியாக இருப்பது 11 லிட்டர். போகும் வழியில் தீர்வதையும் சேர்த்து 13 லிட்டர் அங்கே ஊற்றலாம். மானிய விலையில் விற்கும் ரான் 95 (ஆக்டேன் 95) பெட்ரோலை வெளிநாட்டு வண்டிகளுக்கு 2010 முதலே விற்கக்கூடாது. அவர் ஊற்றக்கூடியது ரான் 97-ம் அதற்கு மேலும்தான்.

லிட்டருக்கு ஒன்றரை வெள்ளி மிச்சம் என்று தாராளமாகவே வைப்போம். 13 லிட்டருக்கு 19.50 வெள்ளி. மலேசியாவுக்குள் நுழைய ஒவ்வொரு முறையும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம். ஆறு வெள்ளிக்கு மேல் அங்கே போய்விட்டது. இரு பக்கமும் சுங்கக் கட்டணம் இருக்கிறது. வரிசையில் ஏர்கான் போட்டபடி நிற்கும் கார் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். இரண்டு மணி நேரம் நின்றால் அதுவே நான்கைந்து வெள்ளி. எல்லாம் கழித்தால் ஐந்தாறு வெள்ளி கையில் நிற்கலாம். அதற்கு ஒரு சனிக்கிழமையின் நான்கு மணி நேரம்.

சொந்தக்காரர் வீட்டுக்கோ, ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்கோ போகும்போது திரும்பி வரும் வழியில் நிரப்பிக்கொண்டு வரட்டும், அது நல்ல யோசனை. பெட்ரோலுக்காகவே போவது வேண்டாம். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி (விஇபி) ஒட்டாத சிங்கப்பூர் வண்டிகளுக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள், அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: "மீட்டரில் முக்கால் காட்டும்படி செய்து தருகிறேன்" என்று யாராவது வந்தால் காரை அவரிடம் விடாதீர்கள். பெட்ரோல் மீட்டரில் கை வைப்பது தனிக் குற்றம். பட்டறைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படிச் செய்பவர் உங்கள் பிரேக்கையும் அந்த லட்சணத்தில்தான் பார்ப்பார்.

கேள்வி: எந்த வங்கி அட்டை வாங்கினால் அதிகத் தள்ளுபடி? (வாசகர், தெம்பனிஸ்)

அட்டை பெயர் சொல்ல மாட்டேன், சலுகைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பெரிய எழுத்தில் இருபதுக்கு மேல் விழுக்காடு என்று போட்டிருக்கும்; கீழே சின்ன எழுத்தில், மாதம் இத்தனை நூறு வெள்ளி அந்த அட்டையில் செலவழித்தால்தான் என்று இருக்கும். அந்த வரம்பை எட்டுவதற்காகத் தேவையில்லாததை வாங்கினால் மிச்சம் எங்கே? பயனீட்டாளர் சங்கம் 2020-ல் தொடங்கிய 'ஃபியூயல் காக்கி' இணையத்தளத்தில் உங்களிடம் ஏற்கெனவே உள்ள அட்டைகளைக் குறித்தால், எந்த நிலையத்தில் தள்ளுபடி போக எவ்வளவு என்று காட்டும். (மலாய் மொழியில் காக்கி என்றால் கால், நம் ஊர்ப் பேச்சில் கூட்டாளி. என் பட்டறை இருந்த காக்கி புக்கிட்டின் காக்கியும் அதே சொல்தான்.) தினமும் போகும் வழியிலேயே இருக்கும் நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு காசுக்காகத் தீவின் மறுகோடிக்கு ஓட்ட வேண்டாம்.

கேள்வி: தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன், ஹைபிரிட். பெட்ரோல் போக மிஞ்சுவது குறைந்துகொண்டே வருகிறது. நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். இன்னும் என்ன செய்வது? (வாசகி, புக்கிட் பாஞ்சாங்)

தங்கச்சி, நன்றாக ஓட்டுகிறீர்கள் என்பது நீங்கள் அனுப்பிய கணக்கிலேயே தெரிகிறது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்பது நல்ல எண். அதனால் ஓட்டும் முறையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நோட்டில் இன்னொரு பத்தி போடுங்கள்: பயணியோடு ஓடியது எத்தனை கிலோமீட்டர், காலியாக ஓடியது எத்தனை. ஒரு வாரம் எழுதினால் போதும். பயணி இறங்கியதும் அடுத்த அழைப்பு வரும்வரை சும்மா சுற்றுவதுதான் இந்தத் தொழிலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை.

கால் மணி நேரம் சுற்றினால் ஏழு கிலோமீட்டர் போகும். உங்கள் காருக்கு அது 0.35 லிட்டர், ஏறக்குறைய ஒரு வெள்ளி. அதே கால் மணி நேரம் நகர மையத்துக்கு வெளியே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிக் கார்பார்க்கில் நின்றால், அரைமணிக்கு 60 காசு என்ற கணக்கில் 30 காசு. முதல் பத்து நிமிடத்துக்குள் அழைப்பு வந்து கிளம்பினால் அதுவும் இல்லை. நிழலான தளத்தில் நிறுத்தி, வண்டியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காலை நீட்டிக்கொள்ளுங்கள். முதுகுக்கும் நல்லது. பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்கும் தொழில் உங்களுடையது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வருமான வரிக்கு ஒன்று. உள்நாட்டு வருவாய் ஆணையம் உங்களைப் போன்ற ஓட்டுநர்களுக்கு வருமானத்தில் 60 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. வாடகையும் பெட்ரோலும் சேர்ந்து அதைத் தாண்டினால் உண்மைச் செலவையே காட்டலாம், ஆனால் ஆதாரம் வேண்டும். ரசீதை அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் 20 விழுக்காடு மிச்சமாம். வாங்கலாமா? (வாசகர், ஈசூன்)

வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவை இப்படிப்பட்ட கருவிகளை ஏராளமாகச் சோதித்துப் பார்த்ததில் பெரும்பாலானவற்றால் எந்தப் பலனும் இல்லை. அந்தப் பணத்தில் உங்கள் மோட்டார் சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, காற்று வடிகட்டியை மாற்றி, டயர் காற்றைப் பாருங்கள். டயர் சூடாகும் முன், காலையில்.

கேள்வி: பெட்ரோல் தொல்லையே வேண்டாம், மின்சாரக் கார் வாங்கிவிடலாம் என்று மகன் சொல்கிறான். இப்போதுள்ள காரின் வாகன உரிமைச் சான்றிதழுக்கு (கார் வைத்திருக்க எடுக்கும் உரிமம்) இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறோம். (வாசகர், பாசிர் ரிஸ்)

உங்கள் கார் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடித்தால் மாதம் 80 லிட்டர், 2.80 வீதம் 224 வெள்ளி. மின்சாரக் காருக்கு 160 யூனிட் தேவைப்படும். கார்பார்க்கில் யூனிட் 60 காசு என்று வைத்தால் 96 வெள்ளி. மாதம் 128 வெள்ளி மிச்சம். ஆனால் பெட்ரோல் தீர்வை கட்டாததற்கு ஈடாக, மின்சாரக் கார்களின் சாலை வரியோடு ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதலாகச் சேர்க்கிறார்கள். மாதம் 58 வெள்ளி. அதைக் கழித்தால் 70 வெள்ளி. எழுபது வெள்ளிக்காக நான்கு வருட ஆயுள் உள்ள காரை விற்று, இன்றைய விலையில் வாகன உரிமைச் சான்றிதழ் எடுப்பது சரியில்லை என்பது என் கருத்து.

மகன் சொல்வது தவறான திசை அல்ல. 2030 முதல் புதிதாகப் பதியும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும், 2040-க்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளே இருக்கக்கூடாது என்பது அரசாங்கத்தின் திட்டம். உங்கள் கார் முடியும்போது மின்சாரக் காரைப் பாருங்கள். அதுவரை உங்கள் புளோக் கார்பார்க்கில் மின்னூட்டு இடம் எத்தனை, இரவில் காலியாக இருக்கிறதா என்று மகனைக் கவனித்துவரச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணே, சொந்த ஊர் புதுக்கோட்டை. இங்கே பதினான்கடி லாரி ஓட்டுகிறேன், பின்னால் கிரேன் இருக்கிறது. டீசல் விலை ஏறியதிலிருந்து முதலாளி என்மேல் சந்தேகப்படுகிறார். பழைய டிரைவருக்கு ஒரு வாரம் வந்த டாங்கி எனக்கு ஐந்து நாள்தான் வருகிறதாம். டீசலை விற்கிறாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். சம்பளத்தில் பிடிப்பேன் என்கிறார். (வாசகர், துவாஸ்)

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதே மாதிரி ஒரு லாரி என் பட்டறைக்கு வந்திருக்கிறது. அந்த முதலாளி டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். லாரியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் காட்டிப் பார்த்தேன். பின்பக்க இடது சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது, தீய்ந்த வாடை. டிரம்மைக் கழற்றினால் பிரேக் ஷூ திரும்பிப் போகாமல் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒரு காலைக் கட்டிவிட்டு ஓடச் சொன்ன மாதிரி அந்த லாரி மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது. டீசல் எங்கே போனது என்று முதலாளிக்கே புரிந்தது. டிரைவரிடம் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் லாரியை எடுக்க வேண்டும் என்று சொன்னேன். கொடுத்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு முறை டீசல் ஊற்றும்போதும் கிலோமீட்டர் மீட்டரையும் பம்ப்பையும் கைப்பேசியில் படம் எடுங்கள். தேதியும் நேரமும் அதில் பதிந்துவிடும். அடுத்தது முக்கியம்: கிரேன் வேலை செய்யும்போது இன்ஜின் ஓடுகிறது, லாரி நகர்வதில்லை. டீசல் தீரும், மீட்டர் ஏறாது. பழைய டிரைவர் காலத்தில் கிரேன் வேலை எவ்வளவு, இப்போது எவ்வளவு? உங்களுக்குப் புது வேலையிடம் கிடைத்த பிறகுதான் இந்தப் பேச்சு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். தினமும் கிரேன் எத்தனை மணி ஓடியது என்று எழுதுங்கள். டயர் காற்று, காற்று வடிகட்டி, சக்கரச் சூடு மூன்றையும் பாருங்கள். வேலை முடிந்த பலகையும் கம்பியும் இறக்காமல் அப்படியே லாரியில் கிடந்தால் இறக்கச் சொல்லுங்கள்.

மதியம் ஏர்கானுக்காக இன்ஜினை ஓடவிட்டுப் படுப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வெயிலில் அது புரிகிறது, ஆனால் நிற்கும் வண்டியில் தேவையில்லாமல் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம், அபராதம் உங்கள்மேல் வரும். நிழலான ஓய்விடம் கேளுங்கள். உங்கள் முதலாளி இந்தப் பக்கத்தைப் படித்தால் அவருக்கும் சொல்கிறேன்: ஒரு கூடாரமும் ஒரு மின்விசிறியும் டீசலைவிட மலிவு.

சம்பளப் பிடித்தம் பற்றி: பொருள் இழப்புக்காகப் பிடிக்க வேண்டுமானால், முதலில் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும், ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்க முடியாது என்று வேலைச் சட்டம் சொல்கிறது. விசாரிக்காமல் பிடித்தால் மனிதவள அமைச்சிடமோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ போகலாம். அதற்கு முன் படங்களோடும் நோட்டோடும் முதலாளியிடம் தனியாகப் பேசுங்கள். அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு லாரியை ஒரு சுற்று ஓட்டி வந்து, சக்கரங்களுக்குப் பக்கத்தில் அவர் கையையே காட்டச் சொல்லுங்கள். உலோகத்தைத் தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சாண் தள்ளி வைத்தாலே தெரியும். இரண்டு டாங்கிக்கான கணக்கை எழுதியதும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.